கப்பலில் வந்த எட்டு சிலிண்டர்

வெம்பாக்கம் தொடங்கி ஆரணி வரை தறிக்காரத் தெருக்களில் பழைய பட்டு வாங்க வருகிறவரைத் தெரியாத வீடு கிடையாது. கோர்வை போட்ட கையின் நேர்த்தியை அவர் பார்ப்பதில்லை. முந்தானையை விரித்துப் பார்ப்பதுகூட ஜரிகையைக் கணக்குப் போடத்தான். எரித்தால் எத்தனை கிராம் வெள்ளி மிஞ்சும்? அதுதான் சேலைக்கு விலை. தமிழ்நாட்டுக்கு வந்த அமெரிக்க சொகுசுக் கார்களும் பல வருஷம் இதே தராசில்தான் ஏறின. ஜமீன்தார் வாசலில் நின்ற வண்டியைச் சென்னை புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கினார்கள். இரும்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை.

இன்று அப்படி ஒரு வண்டி ஏலத்துக்கு வந்தால் நிலைமை வேறு. பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, எலி கடித்த வயரோடு இருந்தாலும் “கைபடாத வண்டி” என்று சொல்லிக் கேட்கிறார்கள். பளபளவென்று புதுப்பித்த வண்டியைவிட அதற்கு அதிகம் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் கைபடாத அமெரிக்க வண்டி என்று ஒன்று இருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல, ஒரு வண்டி இனத்தின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும். பேக்கார்டை எடுத்துக்கொள்கிறேன்.

ஒஹையோ மாநிலத்தின் வாரன் என்ற ஊரில் மின்சாதனங்கள் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வார்டு பேக்கார்டு, தாம் வாங்கிய வின்டன் கார் அடிக்கடி மக்கர் பண்ணியதால் அதைச் செய்தவரிடமே குறை சொல்லப் போனாராம். “உனக்கு அவ்வளவு தெரிந்தால் நீயே ஒன்று செய்யேன்” என்று அவர் எரிந்து விழுந்ததாகக் கதை. 1899இல் முதல் பேக்கார்டு ஓடியது. 1903இல் கம்பெனி டெட்ராய்ட்டுக்குப் போனது. ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞர் 1905இல் அங்கே இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டில் கட்டிக்கொடுத்த பத்தாம் எண் கட்டடம், பிற்காலத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் வழிகாட்டியது. பேக்கார்டின் விளம்பரம் தன் பெருமையைத் தானே பேசாது. வைத்திருப்பவரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லும். பணக்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

1929இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பணக்காரர்களே குறைந்துபோனார்கள். விலைகூடிய வண்டிகளை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாத நிலையில், 1935இல் பேக்கார்டு ‘ஒன் ட்வென்டி’ என்ற மாடலை இறக்கியது. வரிசையாக எட்டு சிலிண்டர், 110 குதிரைசக்தி, முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் பிரேக். விலை 980 டாலரில் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 25,000 வண்டிகள் போயின. கம்பெனி பிழைத்தது. ஆனால் பேக்கார்டு வாங்க லட்சாதிபதியாக இருக்க வேண்டியதில்லை என்று ஆனபின், லட்சாதிபதிகள் மெல்லக் கேடிலாக் பக்கம் திரும்பினார்கள் என்று குறைப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு ஒன் ட்வென்டிமேல் தனிப் பிரியம். நம் ஊர்ப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்த கைகளுக்கு அடங்கக்கூடிய பேக்கார்டு அதுதான்.

கார் என்பது சென்னைக்குப் புதிதல்ல. சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903லேயே ஒரு நீராவிக் காரைச் செய்து காட்டியிருந்தார். ஆனாலும் 1920களிலும் 30களிலும் நம் சாலையை ஆண்டவை அமெரிக்க வண்டிகள். அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் சிலிண்டரின் அகலத்தை வைத்துக் கார் வரி போட்டார்கள். அதனால் அங்கே செய்த எஞ்சின்கள் ஒடுங்கி, சின்னதாகி, அடிக்கடி கியர் மாற்றச் சொல்லின. அமெரிக்க எஞ்சினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாட்டுவண்டிச் சக்கரம் அறுத்த தடத்தில், ஆற்றோர மணலில், நான்கு பேர் உட்கார்ந்து மேலே பெட்டி படுக்கை ஏற்றியும் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும். தரையிலிருந்து உயரமாகவும் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் பட்டறை போட்டு வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டு பம்பாய், கல்கத்தாவோடு சென்னையிலும் பூட்டியது. பேக்கார்டு போன்ற விலைகூடிய வண்டிகள் பெரும்பாலும் முழுதாகவே மரப்பெட்டிக்குள் கப்பலேறி வந்தன.

கிராமத்தில் அதற்குப் பெயர் பிளஷர். பிளஷர் வருகிறது என்றால் பள்ளிக்கூடம் காலியாகும். ஓட்டுகிறவருக்கு இருந்த மரியாதை கணக்குப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது. பானெட்டைத் திறக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான்; முதலாளிக்கே கிடையாது.

நெசவு ஊர்க்காரர் கண்ணுக்கு அந்த வண்டிகளில் முதலில் படுவது எஞ்சின் அல்ல, துணி. முப்பதுகளின் நல்ல மூடிய கார்களில் சீட்டுக்குக் கம்பளித் துணி போட்டிருப்பார்கள். பின் கண்ணாடிக்குச் சுருட்டி இழுக்கும் திரை இருக்கும். குளிர்நாட்டுக்குச் செய்த கம்பளி நம் வெயிலிலும் மழையிலும் எத்தனை வருஷம் தாங்கும்? அந்துப்பூச்சி தின்றது, மிச்சத்தைக் கிழித்துப்போட்டு ரெக்ஸின் தைத்தார்கள். தகட்டுக்கு அடியில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பாடிகளும் அந்தக் காலத்தில் நிறைய. அவற்றைக் கரையான் பார்த்துக்கொண்டது. ஆக, வண்டி கரையிறங்கிய பத்துப் பதினைந்து வருஷத்திலேயே உள்ளே இருந்ததில் பாதி தமிழ்நாட்டுச் சரக்கு.

போர் வந்தது. 1942 தொடக்கத்தில் பேக்கார்டு கார் செய்வதை நிறுத்திவிட்டு, போர் விமானங்களுக்கான மெர்லின் எஞ்சின்களை ஐம்பதாயிரத்துக்கும் மேலே செய்துகொடுத்தது. இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். மதுரையில் டி.வி.எஸ். கரிவாயுக் கருவி செய்ய, வண்டிகளின் பின்னால் அடுப்பு ஏறியது. கரியை மூட்டி, வாயு வந்ததும் எஞ்சினைக் கிளப்பி, மேடு வந்தால் இறங்கித் தள்ளி ஊர் போய்ச் சேர்ந்த கதைகள் பெரியவர்களிடம் நிறைய. புது வண்டி வரவே வழியில்லாததால் பழையது எப்படியாவது ஓடியாக வேண்டும். பழுது பார்ப்பதில் நம் மேஸ்திரிகளுக்குக் கை தேர்ந்தது அந்த வருஷங்களில்தான் என்பது என் எண்ணம்.

1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வருமானம் நின்ற வீட்டிலிருந்து முதலில் வெளியேறுவது கார். வக்கீல் வாங்கினார், டாக்டர் வாங்கினார், டூரிங் டாக்கீஸ்காரர் வாங்கினார், சினிமாக் கம்பெனி வாங்கியது. உள்ளூர் உற்பத்திக்குத் திட்டம் இல்லாமல் பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்ததால் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954க்குள் கடையைக் கட்டின. (அதே ஃபோர்டு தொண்ணூறுகளில் மறைமலைநகருக்கு வந்து, 2022இல் மறுபடியும் கதவை மூடி, 2024இல் திரும்பி வருவதாகக் கடிதம் கொடுத்தது வேறு கதை.) அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதியும் சுருங்க, ஏற்கெனவே வந்துவிட்ட அமெரிக்க வண்டிகள் அநாதைகளாயின. காமராஜர் போய்வந்த செவர்லேயின் எம்.டி.டி. 2727 என்ற எண் பலருக்கு இன்றும் மனப்பாடம். அவ்வளவு கொடுத்துவைத்த வண்டிகள் கொஞ்சம். மற்றவை கல்யாண ஊர்வலத்துக்கும் வாடகைச் சவாரிக்கும் தேர்தல் பிரச்சாரத்துக்கும் உழைத்தன. டெட்ராய்ட்டில் பேக்கார்டின் தொழிற்சாலையே 1956இல் கதவைச் சாத்தியது. 1958க்குப் பிறகு பேக்கார்டு என்ற பெயரில் காரே இல்லை. ஸ்பேர் கேட்டு எழுத முகவரியும் போயிற்று.

இனிமேல்தான் விஷயம் சுவைப்படுகிறது.

எட்டு சிலிண்டர் வண்டி லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அதை ஓட்டுவது பணத்தை எரிப்பதாயிற்று. வழி என்னவோ அதற்கு முன்பே கையில் இருந்தது. சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி ஐம்பதுகளிலிருந்தே பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்துவந்தது. நீராவிக் கார் செய்த அதே சிம்சன்தான். லாரிக்கும் டிராக்டருக்கும் போன அந்த எஞ்சினை மேஸ்திரிகள் பிளஷருக்கும் வைத்தார்கள்.

சொல்ல எளிது. வரிசை எட்டு என்பது நீள எஞ்சின். அதற்காகவே அந்த வண்டிக்கு அவ்வளவு நீளப் பானெட். நான்கு சிலிண்டர் பெர்கின்ஸை அதில் இறக்கினால் பாதி இடம் காலி. எஞ்சினைப் பின்னால் தள்ளி வைத்தால் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம், காற்று இழுக்காது. முன்னால் வைத்தால் கியர்பாக்ஸோடு சேராது, ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும். கிளட்ச் மூடியும் எஞ்சின் முகமும் பொருந்தாததால் லேத்தில் கொடுத்து நடுவே பூட்ட ஒரு கனத்த தகடு கடைய வேண்டும்; அதில் துளை ஒரு நூல் விலகினாலும் கியர் அலறும். இவற்றுக்கெல்லாம் வரைபடம் கிடையாது. சாக்கட்டியால் தரையில் போட்ட கோடுதான் வரைபடம்.

வண்டி ஓடியது. ஆனால் வேறு வண்டியாக. டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் எஞ்சினுக்கு அமைத்த பின் ஆக்ஸிலோ மாறவில்லை. அதனால் எழுபதைத் தாண்டத் திணறும். நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் விட்டால் மட்கார்டு தொடங்கி கண்ணாடி வரை எல்லாம் நடுங்கும். நட்டு கழன்று விழும். கழன்ற இடத்தில் வெல்டிங் வைப்பார்கள். ஆறு வோல்ட் பேட்டரி பன்னிரண்டாயிற்று. டயர் கிடைக்காதபோது ஜீப் டயர் ஏறியது; இரண்டுக்கும் 16 அங்குலம் என்பது அதிர்ஷ்டம். உடைந்த ஹெட்லைட்டுக்கு லாரி லைட் வந்தது. பானெட் நுனியில் சிறகு விரித்த பறவை என்றோ ஒருநாள் காணாமல் போனது. ஆயுத பூஜைக்கு வருஷாவருஷம் கையால் எனாமல் அடித்ததில் நிறம் மேல் நிறமாக ஏழெட்டுப் படிவு. டாஷ்போர்டில் சந்தனம் வைத்த இடம் மட்டும் கறுத்துக் கிடக்கும்.

பிறகு அதுவும் முடிந்தது. டீசல் எஞ்சினைக் கழற்றிக் கிணற்றுக்கோ கம்ப்ரஸருக்கோ வைத்தார்கள். உடல் ஷெட்டில் கிடந்தது, அல்லது புதுப்பேட்டைக்குப் போனது. வட இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே அரண்மனை கராஜுகளில் வண்டிகள் அதிகம் உழைக்காமல் தூங்கின. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்ததும் அவை விலைக்கு வந்தன, அதற்கு முன்பே பல கப்பலேறிவிட்டன. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்காக லண்டன் கர்னி நட்டிங் பாடி கட்டிக்கொடுத்த டூசன்பெர்க் எஸ்.ஜே. அமெரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் பழைய கார் ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது. தடை இல்லாதிருந்தால் இன்று கோவை ஜி.டி. கார் மியூசியத்திலும் அகமதாபாத் அருகே பிரான்லால் போகிலால் சேர்த்த தொகுப்பிலும் பார்க்க என்ன இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கைபடாத வண்டிமேல் உலகத்துக்கு ஆசை வந்தது இதற்கெல்லாம் பின்னால். நெடுங்காலம் அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் பழக்கம், கிடைத்த வண்டியை எலும்பு வரை கழற்றி, டெட்ராய்ட்டிலிருந்து வெளிவந்த நாளில்கூட இல்லாத பளபளப்பில் பூட்டுவதுதான். அதை எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிரெட் சிமியோன். தொழில் மூளை அறுவை சிகிச்சை. மனிதர்களின் மண்டையைத் திறந்து பழகிய அந்தக் கை, பழைய காரை மட்டும் திறக்காதே என்று வாதாடியது. 2012இல் அதற்கென்று ஒரு புத்தகமே வெளியிட்டார். 2015 பிப்ரவரியில் பாரிஸில் பையோன் குடும்பத்தின் கொட்டகைகளில் அரை நூற்றாண்டு கிடந்து துருப்பிடித்த 59 கார்கள் ஏலத்துக்கு வந்தன. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி மட்டும் 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் போட்டியில் 2024இல் முதல் முறையாக, புதுப்பிக்காமல் காத்த ஒரு 1934 புகாட்டிக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க வண்டிகளில் ஏல உச்சம், நடிகர் கேரி கூப்பர் ஓட்டிய 1935 டூசன்பெர்க் எஸ்.எஸ்.ஜே.: 2018 ஆகஸ்டில் 2.2 கோடி டாலர்.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு நம் ஊர் ஏலத்துக்குப் போகிறவர் ஏமாந்துபோவார். மும்பையில் அஸ்டகுரு போன்ற ஏல நிறுவனம் 2020 முதல் பழைய கார்களை இணையத்தில் ஏலம் விடுகிறது; படங்கள் தெளிவு, விவரமும் கொடுப்பார்கள். கோர்ட் ஏலம், பாகப்பிரிவினை ஏலம் என்று வருபவற்றில் “இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்” என்ற ஒரு வரிக்குமேல் எதுவும் கிடைக்காது. ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லி முடித்தபின் பானெட்டைத் திறந்து பெர்கின்ஸைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துப் பயனில்லை. சுத்தியல் விழுந்த விலைக்கு மேலே ஏலக் கம்பெனிக் கமிஷனும் வரியும் ஏறும் என்பதையும் முன்பே கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பேக்கார்டாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று. எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவரில், போருக்கு முந்திய பேக்கார்டுகளில் ஒரு சின்னப் பட்டயம் அறைந்திருப்பார்கள். வண்டி எண்ணோடு, அதை ஒப்படைத்த ஏஜென்ட் பெயரும் தேதியும் அதில் பொறித்திருக்கும். வண்டி எந்த ஊரில், என்றைக்குப் புது முதலாளி கைக்குப் போனது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எனாமலுக்கு அடியில் மறைந்திருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். விற்பவரின் சம்மதத்தோடு கரைப்பான் தொட்ட துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பட்டயம் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடுத்து சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் எண் பெரும்பாலும் பொருந்தாது. கதவின் அடி விளிம்பில் காந்தத்தை ஓட்டினால் ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டி. பழைய மேஸ்திரிகள் ஈயம் உருக்கி இணைப்பை நிரப்புவார்கள். அங்கும் காந்தம் ஒட்டாது, ஆனால் தட்டினால் சத்தம் கனமாக வரும். வெம்பாக்கத்திலிருந்து ஒரகடத்துக் கார் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு ரோபோ வெல்டிங் தெரியும். இந்தச் சத்தத்தைக் காதால் பிரிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சில பட்டறைகளில்தான் மிச்சம்.

வாங்கியாயிற்று. இனி சட்டம். மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. மாநில எழுத்துக்குப் பின்னால் ‘வி.ஏ.’ என்று வரும் எண் கிடைக்கும். 10 வருஷம் செல்லும். கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போகலாம். அன்றாடச் சவாரிக்கோ வாடகைக்கோ கூடாது. இதில் இடிக்கிற நிபந்தனை ஒன்றுதான்: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

அதாவது, சட்டப்படி பெர்கின்ஸ் ஒரு குறை. ஏலக்காரருக்கும் அது குறைதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. வறண்ட அமெரிக்கக் கொட்டகையில் எழுபது வருஷம் சும்மா தூங்கிய வண்டி அசல் என்றால், அது சரி, அங்கே அதன் வரலாறு தூக்கம். நம் வண்டி தூங்கவில்லை. அதன் வரலாறு கரி அடுப்பிலும், சாக்கட்டிக் கோட்டிலும், ஜீப் டயரிலும் இருக்கிறது. அதைத் துடைத்து 1935க்குத் திருப்பினால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருப்பதில் இன்னொன்று சேரும், அவ்வளவுதான். டீசல் மாற்றிய பழைய வண்டிக்கென்று விதியில் ஒரு தனிப் பிரிவு வைத்தால் அரசுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அதுவரை ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு வேறு வழியில்லை. அசல் எஞ்சினைத் தேடத்தான் வேண்டும். ஒன் ட்வென்டியில் ஒரு நன்மை, அவ்வளவு எண்ணிக்கையில் செய்ததால் அமெரிக்காவில் அதன் எஞ்சினும் உதிரியும் இன்னும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு நட்டைக் கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெர்கின்ஸையும், அதைக் கியர்பாக்ஸோடு சேர்த்த தகட்டையும், நீட்டிய ஷாஃப்ட்டையும் ஒன்றாகக் கட்டி, எண்ணெய் தடவி, வண்டியோடே வையுங்கள். எந்தப் பட்டறை வேலை என்று தெரிந்தால் ஊர் பெயரோடு எழுதிப் பைலில் சேருங்கள். பெயின்ட் படிவுகளில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடமாவது, பானெட்டின் உள்பக்கத்தில், சுரண்டாமல் விடுங்கள். பிறகு படிவம் 20ஐ நிரப்பிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே வரிசை எட்டு எஞ்சினை நேரில் பார்த்திருக்கும் அதிகாரி கிடைப்பது அரிது. விளக்கிச் சொல்ல அந்தப் படங்கள் உதவும்.